நாலு மணி மழை

மார்ச் கடைசியில் தொடங்கி மே பாதி வரைக்கும் தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையில் வானிலை அறிக்கை தினமும் ஏறக்குறைய ஒன்றுதான். காலையில் வெயில், மாலையில் இடியுடன் மழை. வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேற்குக் காற்று இன்னும் பிடிக்காத இந்த இடைவெளியைப் பருவமாற்றக் காலம் என்கிறார்கள். பிற்பகல் மூன்று, நாலு மணிக்குக் கைப்பேசியில் இடிமழை எச்சரிக்கை வந்து விழும். மாவட்டத்தின் பெயரும் ஒரு நேரமும் அதில் இருக்கும். மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டக்கூடிய மழை நெருங்கிவிட்டாலோ, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் என்று தெரிந்தாலோ அந்த எச்சரிக்கை வெளியாகும். ஒவ்வொன்றும் அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குத்தான் செல்லும்.

நான் வடிகால் வடிவமைப்பில் வேலை செய்கிறேன். அதனால் எச்சரிக்கை வந்த ஐந்தாவது நிமிடம் எங்கள் தாமான் வாட்சப் குழுவில் யாராவது என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள். "தம்பி, இன்னைக்குத் தண்ணி ஏறுமா?"

கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் தாமான் கிள்ளானில் தாழ்வான இடத்தில் இருக்கிறது. 2021 டிசம்பர் 18 அன்று எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அதன் பிறகு வானம் கறுத்தாலே அம்மா அரிசி வாளியைத் தூக்கி மேசைமேல் வைத்துவிடுவார். வீட்டுப் பத்திரம், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், என் பட்டச் சான்றிதழ் மூன்றும் ஒரே பிளாஸ்டிக் பையில் அலமாரியின் உச்சியில் இருக்கின்றன.

டிசம்பர் வெள்ளத்தையும் இந்த மாலை மழையையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதுதான் முதல் குழப்பம். 2021இல் வந்தது வெப்பமண்டலத் தாழ்வுநிலை கொண்டுவந்த மழை. ஒரு நாளுக்கும் மேலாகப் பரந்த நிலப்பரப்பில் பெய்தது. ஆறுகளே நிரம்பி ஊருக்குள் வந்தன. பருவமாற்றக் காலத்து மழை அப்படியில்லை. ஒரு மணி நேரம், சில கிலோமீட்டர் அகலம். பக்கத்துத் தாமானில் துணி காய்ந்துகொண்டிருக்கும்போது இங்கே சாலை மறைந்துவிடும். இதில் ஆறு நிரம்ப வேண்டிய அவசியமே இல்லை. நாம் லோங்காங் என்று சொல்கிற சாலையோரக் கால்வாய் நிரம்பினால் போதும். கோலாலம்பூரில் 2007இல் திறந்த 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கம் ஆற்று வெள்ளத்தைத் திருப்பிவிடக் கட்டப்பட்டது. ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவில் ஒரு கடைவாசலில் அடைத்துக்கொண்ட கால்வாய்க்கு அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாவது குழப்பம் வெயில் பற்றியது. வெயிலை ஒரு செய்தியாகவும் வெள்ளத்தை இன்னொரு செய்தியாகவும் படித்துப் பழகிவிட்டோம். உண்மையில் காலை வெயில்தான் மாலை மழையைக் கட்டுகிறது. காற்று பலமாக வீசாத இந்த மாதங்களில் தரை சூடேறி, மேலே இருக்கும் ஈரக்காற்று எழும்புகிறது. மலாக்கா நீரிணையிலிருந்து கடற்காற்று உள்ளே நகர்ந்து அதோடு சேர்கிறது. கிழக்கே தீத்திவங்சா மலைத்தொடர் இருக்கிறது. மூன்று மணிக்குள் மேகம் கோபுரமாகிவிடும். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 விழுக்காடு கூடும் என்பது பழைய இயற்பியல். மலேசியாவில் இதுவரை பதிவான உச்ச வெப்பம் 40.1 டிகிரி, பெர்லிஸ் சூப்பிங்கில், 1998 ஏப்ரல் 9 அன்று. அதுவும் இதே பருவமாற்றக் காலம்தான். "என்னா புழுக்கம்லா" என்று நாம் விசிறிக்கொண்டிருக்கும் நேரத்தில் மழை ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன்.

என் பாட்டி பால்மரம் வெட்டியவர். அவருக்கு மழையில் இரண்டே வகை: காலை மழை, மாலை மழை. விடியலில் மழை பெய்தால் மரப்பட்டை நனைந்துவிடும், வெட்ட முடியாது, அன்றைய கூலி போச்சு. மாலை மழை அப்படியில்லை. அதற்குள் பால் எடுத்து நிறுத்துக் கொடுத்தாகிவிடும். "சாயங்கால மழ நம்ம மழடா" என்பார். லயத்து வாசலில் உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டு அவர் ரசித்த அதே நாலு மணி மழைக்குத்தான் அவர் மகள் இப்போது அரிசி வாளியைத் தூக்குகிறார். இடையில் மாறியது மழை மட்டுமல்ல, நிலமும்தான்.

ஷா ஆலாம் நகரம் சுங்கை ரெங்காம் தோட்டத்தின்மேல் எழுந்தது. சுபாங் ஜெயா சீபீல்டு தோட்டமாக இருந்தது. தோட்டத்தை விட்டு வந்த நம் குடும்பங்கள் பல, தோட்டங்களை அழித்துக் கட்டிய தாமான்களிலேயே வீடு வாங்கின. அந்த மாற்றத்தைப் பொறியியலில் ஒரே எண்ணாக எழுதுவோம். பெய்யும் மழையில் எத்தனை பங்கு உடனே ஓடிவருகிறது என்பதைச் சொல்லும் எண் அது. மரமும் சருகும் மண்ணும் உள்ள நிலத்துக்கு 0.4 என்று வைத்தால், கூரையும் தாரும் சிமெண்டும் மூடிய நிலத்துக்கு 0.9. மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டும் மழை எங்கள் பக்கத்தில் அபூர்வமில்லை. அந்த வேகத்தில் ஒரு ஹெக்டேர் தோட்டத்திலிருந்து விநாடிக்குச் சுமார் 110 லிட்டர் ஓடிவரும். அதே ஒரு ஹெக்டேர் தாமானிலிருந்து 250 லிட்டர். வானத்தில் எதுவும் மாறாமலேயே தண்ணீர் இரட்டிப்பாகிவிட்டது.

கிள்ளானில் இன்னொரு சிக்கல், கடல். ஓதம் ஏறியிருக்கும்போது ஆற்றின் மட்டம் உயர்ந்துவிடும். கடல்நீர் உள்ளே வராமலிருக்க மதகை மூடுவார்கள். மூடிய மதகுக்குப் பின்னால் மழைநீர் பம்ப்பை நம்பித்தான் நிற்க வேண்டும். அதனால் "தண்ணி ஏறுமா?" என்று கேட்டால் நான் மேகத்தைப் பார்ப்பதற்கு முன் ஓத அட்டவணையைப் பார்ப்பேன். ஐந்து மணி மழையும் ஆறு மணி ஓதமும் சேர்ந்தால் காரை மேட்டில் கொண்டுபோய் வையுங்கள் என்று எழுதிவிடுவேன். கைப்பேசிக்கு வரும் எச்சரிக்கை மாவட்டத்தோடு நின்றுவிடுகிறது. எந்தச் சாலை, மதகு மூடியிருக்கிறதா, பம்ப் ஓடுகிறதா என்பதுதான் அம்மாவுக்குத் தேவைப்படுகிற தகவல். அதை யாராவது தினமும் சொல்ல வேண்டும்.

மூன்றாம் லைனில் இருக்கும் அங்கள் ஒருவர் ஒருநாள் என்னை நிறுத்திக் கேட்டார். "நூறு வருஷத்துக்கு ஒருக்கா வர்ற வெள்ளம்னு டீவில சொன்னாங்க. அப்போ நமக்கு இனிமே இல்லதானே?" இல்லை அங்கள், என்றேன். நூறு ஆண்டு வெள்ளம் என்றால் ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு வாய்ப்பு. போன வருடம் வந்தது என்பதற்காக இந்த வருடம் அது நமக்கு விடுமுறை கொடுக்காது. 30 வருட வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் அது ஒரு தடவையாவது வர 26 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. சாலையோரக் கால்வாய்களை அவ்வளவு பெரிய மழைக்குக் கட்டுவதும் இல்லை. ஐந்தாண்டு, பத்தாண்டு மழைக்குத்தான் கட்டுகிறோம். பத்தாண்டு மழை பத்து ஆண்டுகளில் ஒரு தடவையாவது வர 65 விழுக்காடு வாய்ப்பு. இந்த எண்கள் எல்லாமே ஏற்கெனவே பெய்த மழையின் பதிவுகளிலிருந்து எடுத்தவை. வெப்பம் கூடக்கூட அந்தப் பழைய பதிவு எவ்வளவு காலம் பொருந்தும் என்பது என் தொழிலில் எல்லோருக்கும் இருக்கும் கவலை.

அங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நான் வாசல ஒசத்திக் கட்டுறதுதான் சரி" என்றார்.

எங்கள் தாமானில் இப்போது நடப்பது அதுதான். 2021க்குப் பிறகு வசதியுள்ளவர்கள் காரடியை ஓரடி உயர்த்திச் சிமெண்டு போட்டார்கள். அந்த வீட்டுக்குள் போக முடியாத தண்ணீர் உயர்த்தாத அடுத்த வீட்டைத் தேடிப் போகிறது. உயர்த்தாதவர்கள் யார் என்று பார்த்தால் வாடகைக்கு இருப்பவர்கள், தனியாக இருக்கும் கிழவிகள், பிள்ளைகள் பணம் அனுப்பாத வீடுகள். நான் அம்மாவிடம் வீட்டை விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறேன். "யாருக்கு விப்ப? தண்ணி வரும்னு சொல்லி விப்பியா, சொல்லாம விப்பியா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

இப்போது வேறொரு பிரச்சினை. தாமானின் கோடியில் பையன்கள் பந்து விளையாடும் ஒரு திடல் இருக்கிறது. சாலையைவிட ஒரு மீட்டர் பள்ளம். அது பள்ளமாக இருப்பது தற்செயல் இல்லை. மழைநீரைக் கொஞ்ச நேரம் பிடித்துவைத்து மெதுவாக விடுவதற்காக வெட்டிய தேக்கத் திடல். அதை மண் போட்டு நிரப்பிக் கார் நிறுத்துமிடம் ஆக்கலாம் என்று குடியிருப்பாளர் கூட்டத்தில் ஒரு யோசனை வந்திருக்கிறது. பலருக்கும் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் மூன்று கார். சாலையில் இடமில்லை என்பதும் உண்மைதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். திடல் 7,000 சதுர மீட்டர். ஒரு மீட்டர் ஆழத்துக்கு 70 லட்சம் லிட்டர் பிடிக்கும். நான் மேலே சொன்ன வேகத்தில் மழை கொட்டினால், தாமானின் பத்து ஹெக்டேரிலிருந்து வரும் தண்ணீர் முழுவதையும் ஏறக்குறைய 45 நிமிடம் அது தாங்கும். ஒரு நாலு மணி மழையின் ஆயுளே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதை நிரப்பினால் அந்த 45 நிமிடத் தண்ணீர் நேராகக் கடைசி இரண்டு லைனுக்கு வரும். அங்கே வாசலை உயர்த்தாத வீடுகள்தான் அதிகம்.

அடுத்த கூட்டம் மே மாதம். வாக்கெடுப்பு இருக்கிறது. அங்களிடம் கணக்கைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை பார்த்தார். "இதத் தமிழ்லயும் மலாய்லயும் ஒரு பக்கத்துல எழுதிக் குடு தம்பி. கடைசி லைன் வீட்டுக்கெல்லாம் நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்" என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன். மலாயில் எளிதாக வந்துவிட்டது. தமிழில் விநாடிக்கு எத்தனை லிட்டர் என்று எழுதியதை அம்மா வெட்டிவிட்டு, எத்தனை வாளி என்று எழுதச் சொல்லியிருக்கிறார்.