பிரிஷ்டினாவில் நிற்கும் கிளின்டன்

கொசோவோவின் தலைநகரம் பிரிஷ்டினா. அங்கே ‘பில் கிளின்டன் சாலை’ என்று ஒரு பெரிய சாலை. அதன் ஓரத்தில், அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு முன்னால், அமெரிக்காவின் முன்னாள் அதிபர் 11 அடி உயரத்தில் இடது கையைத் தூக்கியபடி நிற்கிறார். இன்னொரு கையில் காகிதக் கட்டு. அதில் ஒரு தேதி: 1999 மார்ச் 24. பக்கத்திலேயே ‘ஹிலாரி’ என்ற பெயரில் ஒரு பெண்கள் துணிக்கடை. சிரிப்புக்காக நான் சேர்த்தது இல்லை, நிஜமாகவே இருக்கிறது.

2017 கோடை விடுமுறையில் அங்கே போனேன். அழைத்துப்போனவர் சூரிச்சில் என்னோடு ஒரே சமையலறையில் வேலை பார்த்த கொசோவோ அல்பேனிய நண்பர். தொண்ணூறுகளில் சுவிஸில் ‘அகதி’ என்றாலே உள்ளூர்க்காரர்களுக்கு நினைவு வருகிற இரண்டு கூட்டங்கள் தமிழர்களும் கொசோவோக்காரர்களும்தான். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஜெர்மன். அதை வைத்துக்கொண்டே வெங்காயம் வெட்டியபடி ஊர்க்கதை எல்லாம் பேசியிருக்கிறோம்.

சிலை அழகு என்று சொல்ல மனம் வரவில்லை. முகத்தைவிட அந்தக் கைதான் கண்ணில் படுகிறது. உள்ளூர்ச் சிற்பி இஸெய்ர் முஸ்தபா செய்தது. 2009 நவம்பர் 1-ம் தேதி திறந்தபோது கிளின்டனே நேரில் வந்தார். ஆயிரக்கணக்கானோர் அமெரிக்கக் கொடியோடு கூடி நின்றார்கள். உயிரோடு இருக்கிற ஒரு வெளிநாட்டுக்காரர், தன் சிலைக்குக் கீழே தானே நின்று கையசைப்பதைத் தூரத்தில் இருந்து பார்த்தால் கொஞ்சம் கூத்தாகத்தான் தெரியும்.

நண்பரின் அம்மாவிடம் பேசிய பிறகு எனக்கு அப்படித் தெரியவில்லை.

காகிதக் கட்டில் இருக்கிற அந்தத் தேதியில்தான் நேட்டோ விமானங்கள் செர்பியப் படைகள் மீது குண்டுபோடத் தொடங்கின. 78 நாட்கள் அது நீடித்தது. அந்த நாட்களில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட அல்பேனியர்களை மிலோசெவிச்சின் படைகள் ஊரைவிட்டு விரட்டின. பிரிஷ்டினாவில் ஆட்களை ரயிலில் ஏற்றி மாசிடோனிய எல்லையில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். நண்பரின் அம்மா அந்த ரயிலில் போனவர். வீட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாராம். கூடாரத்தில் இரண்டு மாதம். போர் நின்றதும் திரும்பி வந்து பார்த்தால், சாவி இருந்தது, கதவு இல்லை. அதைச் சொல்லும்போது சிரித்தார்.

எல்லாரும் இப்படிச் சிரிக்க முடியாது. நேட்டோ குண்டில் ரயில் பயணிகளும் செத்தார்கள், ஓடிக்கொண்டிருந்த அல்பேனிய அகதிகளே சிலரும் செத்தார்கள். பெல்கிரேடின் டாஷ்மைதான் பூங்காவில் குண்டுவீச்சில் இறந்த குழந்தைகளுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. கொசோவோவில் வாழ்ந்த செர்பியர்கள் பலரும் பிறகு வீடுகளை விட்டு ஓட வேண்டி வந்தது. கிளின்டனையும் பெரிய ரட்சகராக்க எனக்கு விருப்பமில்லை. இவர் அதிபராக இருந்த 1994-ல்தான் ருவாண்டாவில் சுமார் 100 நாட்களில் லட்சக்கணக்கானோர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அங்கே யாரையும் அனுப்பவில்லை. நான்கு வருடம் கழித்து கிகாலிக்குப் போய், வேண்டிய வேகத்தில் செயல்படவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சிலையைப் பார்த்தபோது பொறாமையாக இருந்தது.

2009-ன் முதல் மாதங்களில் என் அம்மா வன்னியில் இருந்தார். ஒரு பதுங்குகுழியில் இருந்து அடுத்த பதுங்குகுழிக்கு ஓடிக்கொண்டிருந்தார். நாங்கள் ஜெனீவாவில் ஐ.நா. கட்டடத்துக்கு முன்னால் பதாகையோடு நின்றோம். நான் போன நாட்களில் எல்லாம் என் வேலையையும் சேர்த்துச் செய்தவர் இந்த நண்பர்தான். ‘வருவார்கள், எங்களுக்கு வந்தார்களே’ என்று சொல்லி அனுப்புவார். மே மாதம் எல்லாம் முடிந்தது. நவம்பரில் ஒருநாள் செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் வந்தார். சிலை திறப்புப் படம். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. என் முகத்தைப் பார்த்ததும் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். அன்றைக்கும் என் அம்மா செட்டிகுளம் முகாமில் முள்கம்பிக்குள்தான் இருந்தார். அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பிறகு பேசியதே இல்லை.

பிரிஷ்டினாவில் கடைசி இரவு. சாப்பாட்டு மேசையில் நண்பரின் அம்மா மகனிடம் ஏதோ கேட்டார். அவர் தயங்கித் தயங்கி ஜெர்மனில் சொன்னார்: “உங்கள் ஊரில் யாருக்குச் சிலை வைத்தீர்கள் என்று கேட்கிறார்.”

“யாரும் வரவில்லை என்று சொல்லுங்கள்” என்றேன்.

மூன்றே சொல்லில் முடிந்திருக்க வேண்டியது. அவர் நீளமாகப் பேசினார். ஜெனீவா என்ற பெயர் மட்டும் என் காதில் விழுந்தது. அம்மா கேட்டு முடித்துவிட்டு, “உன் அம்மா இருக்கிறாரா?” என்றார்.

“இருக்கிறார். கிளிநொச்சியில்.”

“எப்போது பார்த்தாய்?”

“போன வருடம்.”

எழுந்து உள்ளே போனார். குடைமிளகாயைச் சுட்டு அரைத்து, எண்ணெய் விட்டுச் செய்யும் சிவப்புத் துவையல் அவர்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். ஒரு பெரிய போத்தல் நிறையக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள் என்று மகன் சொல்லச் சொல்ல, அதை ஒரு பழைய துவாயில் சுற்றி என் பெட்டிக்குள், சட்டைகளுக்கு நடுவில் அவரே வைத்து மூடினார்.