கிழக்கே போனால் இடப்பக்கம்

டெல்லியிலிருந்து பாக்டோக்ராவுக்கோ குவாஹாட்டிக்கோ கிழக்கு நோக்கிப் பறக்கும் விமானத்துக்கு இடக்கைப் பக்கம் வடக்கு. வானம் தெளிந்திருந்தால் வழியின் பெரும்பகுதி இமயமலை அந்தப் பக்கம் கூடவே வரும். ஏர்பஸ் 320, போயிங் 737 இரண்டிலும் இடது ஜன்னலோர இருக்கை ‘ஏ’, வலது ஜன்னலோர இருக்கை ‘எஃப்’. ஆகவே போகும்போது ஏ, டெல்லிக்குத் திரும்பும்போது எஃப். மாற்றி வாங்கியவருக்குக் கங்கைச் சமவெளியின் புழுதிமூட்டம்தான் கிடைக்கும். காத்மாண்டுவிலிருந்து பூட்டானின் பாரோவுக்குப் போகிறவர்களுக்கும் இடப்பக்கம்தான். அங்கே சிகரங்கள் இன்னும் அருகில். கொல்கத்தாவிலிருந்து வடக்கே பாக்டோக்ராவுக்குப் பறந்தால் மலைத்தொடர் விமானத்தின் மூக்குக்கு நேராக நின்றுவிடுகிறது. இமயத்தைப் பார்க்க ஆசைப்படும் தென்னாட்டுப் பயணி டெல்லி வழியாகச் சுற்றிப் போவது வீண் அலைச்சல் ஆகாது.

பத்து கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் அடிவானம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதனால்தான் நேபாளத்தின் வான்வெளிக்குள் நுழையாமலே அந்நாட்டுச் சிகரங்களைப் பார்க்க முடிகிறது. முதலில் உத்தராகண்டின் நந்தா தேவி. பிறகு 8,167 மீட்டர் தௌலகிரியும் 8,091 மீட்டர் அன்னபூர்ணாவும், இரண்டுக்கும் நடுவே காளி கண்டகி ஆறு அறுத்த பள்ளத்தாக்கு. அடுத்து மனாஸ்லு. எவரெஸ்ட்டை அடையாளம் காண்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 8,849 மீட்டர் உயரமிருந்தும் அதற்கு முன்னே நுப்ட்சேயும் லோட்சேயும் சுவராக நிற்பதால், தெற்கிலிருந்து அதன் உச்சிக் கூம்பு மட்டுமே எடுப்பாகத் தெரியும். சற்றுக் கிழக்கே, தனித்து நிற்கும் மகாலுவின் கூரிய வடிவத்தைப் பார்த்து அதுதான் எவரெஸ்ட் என்று படமெடுத்துக்கொள்வோர் உண்டு. கஞ்சன்ஜங்காவில் இந்தக் குழப்பமே வராது. பாக்டோக்ராவிலிருந்து சுமார் 115 கிலோமீட்டரில், பக்கத்தில் போட்டிக்கு ஆளின்றி அகன்று கிடக்கும் அந்த 8,586 மீட்டர் மலைதான் இந்த வழியின் உச்சம்.

பக்கம் சரியாக அமைந்தாலும் வரிசை காலை வாரிவிடலாம். இவ்வகை விமானங்களில் இறக்கை ஜன்னலுக்குக் கீழே விரிந்திருப்பதால் நடு வரிசைகளில் மலையின் அடிப்பாதி மறைந்துபோகும். இறக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தால் என்ஜினின் சூடான புகைக்காற்று காட்சியைக் கலக்குகிறது. முன்வரிசைக்குக் கூடுதல் கட்டணம் கேட்டாலும் இந்த வழியில் அது தகும். இன்னொன்று: ஜன்னல்கள் ஏறக்குறைய அரை மீட்டருக்கு ஒன்றாக இருக்க, இருக்கை வரிசைகளுக்கு இடையே 70 சென்டிமீட்டருக்கும் மேல் இருப்பதால் இரண்டும் எல்லா வரிசையிலும் பொருந்தி வருவதில்லை. ஜன்னலோரம் என்று விற்கப்படும் சில இருக்கைகளில் தோளுக்கு நேரே வெறும் சுவர்தான் இருக்கும்.

மலை வடக்கிலும் குளிர்காலச் சூரியன் தெற்கிலும் இருப்பது பெரிய வசதி: கண் கூசாது, பனிமுகங்களில் நேர்வெளிச்சம் விழும். காலை விமானமே நல்லது. வெயில் ஏற ஏற மலைச்சரிவுகளில் மேகம் திரண்டுவிடும். நவம்பரில் மட்டும் மாலைத் திரும்புபயணமும் கைகொடுக்கும். சாயும் வெயிலில் சிகரங்கள் செம்மஞ்சளாகின்றன. மழை கழுவிவிட்ட அக்டோபரும் நவம்பரும் மிகத் தெளிவான மாதங்கள். டிசம்பர், ஜனவரியில் சமவெளியை மூடும் மூடுபனி விமானத்தைத் தாமதப்படுத்துமே தவிர, மேலே போனபின் மலையை மறைக்காது. ஏப்ரல், மே மாதங்களில் தூசும் புகையும் மங்கலாக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் மேகம்தான். அந்த மாதங்களில் ஜன்னலோரத்துக்குத் தனிக் கட்டணம் கட்டத் தேவையில்லை.