அம்மாவுக்கு 781... எனக்கு 662!

கூடுவாஞ்சேரியில் அந்த வீட்டைப் பார்த்ததுமே அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. இரண்டாவது மாடி, இரண்டு பெட்ரூம், 32 லட்சம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் வேப்பமரம். குழாய்த் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்து, "உப்பே இல்லம்மா, இதுதான் நம்ம வீடு" என்றார். அவருடைய சேமிப்பு 12 லட்சம். பத்திரச் செலவுக்கு அம்மாவின் சீட்டுப் பணம். அப்பா ஓய்வுபெற ஒரு வருஷம்தான் இருக்கிறது என்பதால், மீதி 20 லட்சம் என் பெயரில் வீட்டுக்கடன்.

வங்கியில் என் பான் எண்ணைத் தட்டிப் பார்த்த மேனேஜர், "662 காட்டுதே மேடம். 750-க்கு மேல இருந்தா யோசிக்காம அனுப்பிடுவேன். இப்ப அனுப்பினா திரும்பி வந்துடும். அப்படியே கிடைச்சாலும் வட்டி கூடும்" என்றார். 20 லட்சத்துக்கு 20 வருடம், 8.5 சதவிகிதம் என்றால் மாதத் தவணை சுமார் 17,350 ரூபாய். 9 சதவிகிதம் ஆனால் சுமார் 18,000. அரை சதவிகிதம்தானே என்று தோன்றும். கடன் முடியும்போது ஒன்றரை லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டியிருப்போம்.

இதில் கொடுமை என்னவென்றால், 'சிபில் ஸ்கோரை உயர்த்த 5 வழிகள்' என்று நானே கட்டுரை எழுதி ஏற்றியிருக்கிறேன். என் ஸ்கோரை மட்டும் பார்த்ததில்லை. பார்த்தாலே குறைந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பியிருந்தேன். நம் ஸ்கோரை நாமே பார்ப்பதால் குறையாது. நாட்டில் உள்ள நான்கு கிரெடிட் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

அன்று இரவே அறிக்கையை எடுத்தேன். முதல் வேலையில் சேர்ந்தபோது ஒரு மாலில் மடக்கிப் பிடித்துக் கொடுத்த கிரெடிட் கார்டு, ஒருமுறைகூடத் தேய்க்காதது, அதில் நிலுவை இருந்தது. ஆண்டுக் கட்டணம் ஜி.எஸ்.டி-யோடு 589 ரூபாய். நான் போன் நம்பரை மாற்றிவிட்டதால் மெசேஜ் எதுவும் வரவில்லை. தாமதக் கட்டணம், வட்டி எல்லாம் சேர்ந்து 3,412 ஆகியிருந்தது. இன்னொரு கார்டில் 60,000 லிமிட்டுக்கு மாதாமாதம் 50,000 வரை செலவழித்து, பல மாதம் 'மினிமம் டியூ' மட்டும் கட்டியிருந்தேன். போதாததற்கு, ஆஃபர் சீசனில் போன் வாங்க நாலு ஆப்களில் கடனுக்கு விண்ணப்பித்த தடயமும் இருந்தது.

"நான் வாழ்க்கையில ஒத்தப் பைசா கடன் வாங்கினதில்ல, என்னோடத பாரு" என்றார் அப்பா. பார்த்தேன். ஸ்கோரே இல்லை. கடன் வாங்காதவருக்கு வரலாறே கிடையாதாம். அவர் முகம் சுருங்கிவிட்டது. இருபது வருடமாக ஐந்தாம் தேதி தவறாமல் அம்மா கட்டும் தெருச் சீட்டும் அதில் வராது. ஆனால், எங்கள் பள்ளிக் கட்டணத்துக்காக வங்கியில் வளையலை அடகு வைத்து, தவணைக்கு முன்பே மீட்டுவிடுவாரே... அது வந்திருந்தது. அம்மாவுக்கு 781! "அதென்ன, பாஸா?" என்று கேட்டுவிட்டுத் தோசை சுடப் போய்விட்டார்.

பழைய கார்டு வங்கிக்குப் போன் செய்தால், "2,000 கட்டி செட்டில் பண்ணிக்கலாம்" என்றார்கள். சந்தோஷமாகத் தலையாட்டப் போனேன். எங்கள் டெஸ்க்கில் இருக்கும் அண்ணன்தான் தடுத்தார். 'செட்டில்டு' என்று பதிவானால், முழுசாகக் கட்டாதவர் என்று அர்த்தமாம். 3,412-ஐயும் கட்டி, கார்டை மூடி, நிலுவை இல்லை என்ற சான்றிதழை வாங்கினேன். இரண்டு மாதம் கழித்தும் அறிக்கையில் நிலுவை அப்படியே இருந்தது. புகார் கொடுத்தேன். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று விதி இருக்கிறது. 26-வது நாள் சரிசெய்துவிட்டார்கள்.

மற்றதெல்லாம் அம்மாவின் சீட்டு டெக்னிக்தான். சம்பளம் வந்ததும் முதலில் கார்டு பாக்கி, முழுசாக. செலவு 18,000-ஐத் தாண்டக் கூடாது, அதாவது லிமிட்டில் 30 சதவிகிதம். ஆப்களை அழித்தேன். தாமதமான பழைய மாதங்கள் மட்டும் அறிக்கையில் அப்படியே இருக்கின்றன. அவை உடனே அழியாது.

பத்து மாதத்தில் 748. மேனேஜர் முதல்முறையாக உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். ஆனால், கூடுவாஞ்சேரி வீடு முதல் மாதமே கைமாறிவிட்டது. அப்பா அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. எடுத்திருந்தால்கூடத் தேவலை.

போன ஞாயிற்றுக்கிழமை மறைமலை நகரில் ஒரு வீடு பார்த்தோம். உள்ளே நுழைந்ததும் அப்பா நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, ஒரு வாய் ஊற்றிக்கொண்டார்.

"கொஞ்சம் உப்பு" என்றார். "பரவாயில்ல, வேற பார்ப்போம். இப்பதான் உனக்கு 748 இருக்கே."