விற்கத் தகுந்த சோப்பு

இனாமாகக் கிடைத்த சோப்பைக் குறை கூறிய மனிதர் இந்த உலகத்தில் இதுவரை பிறக்கவில்லை. சங்கீதம், சமையல், சர்க்கார் நிர்வாகம் ஆகிய எதைப் பற்றியும் தாட்சண்யமின்றி அபிப்பிராயம் சொல்லும் நம்மவர்கள், அண்டை வீட்டு அம்மாள் தம் கையால் செய்து கொடுத்த சோப்பைப் பற்றி மட்டும், "ஆகா, என்ன வாசனை! கடையில்கூட இப்படிக் கிடைக்காதே!" என்கிறார்கள். அத்துடன் நிற்காமல், "இதை நீங்கள் ஏன் விற்கக் கூடாது?" என்றும் கேட்டு வைக்கிறார்கள். கேட்பவருக்கு அது உபசார வார்த்தை. கேட்கப்பட்டவருக்கோ தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி.

என் தங்கையின் தூக்கம் அவ்விதம் கெட்டு இரண்டு வருஷங்கள் ஆகின்றன. கணவனை இழந்தவள், கல்லூரியில் படிக்கும் பிள்ளையுடன் எங்களோடு வசிக்கிறாள். எங்கள் பொள்ளாச்சிப் பக்கத்தில் தேங்காய் எண்ணெய்க்குப் பஞ்சமில்லையாதலால், பொழுது போக்காகச் சோப்புச் செய்யத் தொடங்கினாள். ஊரார் புகழ்ந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் ரஸாயனம் போதிக்கிறவன் ஆகையால், "விற்கலாமா, அண்ணா?" என்ற கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது.

சோப்புச் செய்வது மந்திர வித்தை அல்ல. எண்ணெயும், தண்ணீரில் கரைத்த காஸ்டிக் சோடாவும் சேர்ந்தால் சோப்பும் கிளிசரினும் உண்டாகும். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் போட வேண்டுமேயன்றி அதன்மேல் தண்ணீரை ஊற்றலாகாது. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் அவசியம். இவற்றையெல்லாம் ஒரு மாலைப் பொழுதில் கற்றுக் கொள்ளலாம்.

கஷ்டம் அளவில் இருக்கிறது. 1 கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாறச் சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். விளக்கெண்ணெய்க்கோ சுமார் 128 கிராம் போதும். ஆகவே, "இந்த எண்ணெய் இல்லாவிட்டால் அந்த எண்ணெய்" என்று சாம்பாருக்குக் காய் மாற்றுவது போல் மாற்றினால், மிஞ்சிய காரம் தோலை அரித்துவிடும். இதற்காகவே கணக்கில் வருவதைவிட நூற்றுக்கு 5 பங்கு காரத்தைக் குறைத்துப் போடுகிறார்கள். அதிகமாகக் குறைத்தாலோ, மிஞ்சிய எண்ணெய் சில மாதங்களில் கெட்டு, சோப்பில் செம்மஞ்சள் புள்ளிகள் தோன்றிக் காறல் வாடை வீசும். போதாக்குறைக்கு, காஸ்டிக் சோடா காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டப்பாவை மூடாமல் வைத்துவிட்டால் தராசில் நாம் நிறுப்பது பாதி தண்ணீர்தான்.

என் தங்கை ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தாள். தேதி, எண்ணெயின் எடை, காரத்தின் எடை எல்லாவற்றையும் குறித்தாள். சோப்பை வெட்டியபின் அலமாரியில் காற்றாட அடுக்கி, வாரம் ஒரு முறை நிறுத்தாள். முதலில் எடை வேகமாகக் குறையும். நாலு முதல் ஆறு வாரத்துக்குள் ஏறக்குறைய நிலைத்து நிற்கும். அதுவரையில் சோப்பு மெத்தென்றிருக்கும். தண்ணீர் பட்டால் சீக்கிரம் கரைந்து போகும். நாக்கு நுனியில் சோப்பை இலேசாகத் தொட்டு, சுருக்கென்று தைக்கிறதா என்றும் பார்த்தாள். லிட்மஸ் தாள் நீலமானதைக் கண்டு ஒரு நாள் பயந்துவிட்டாள். நல்ல சோப்பே பி.எச். 9, 10 என்று காரத்தன்மை உடையதுதான் என்று நான் விளக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டியை எடுத்துத் தேதியிட்டு, ஒரு வருஷம் விற்காமல் பத்திரப்படுத்தினாள்.

சட்டமும் குறுக்கே நின்றது. 2020-ம் வருஷத்து அழகு சாதனப் பொருள் விதிகளின்படி, விற்பனைக்காகச் சோப்புச் செய்கிறவர் மாநில அதிகாரியிடம் லைசென்ஸ் பெற வேண்டும். எங்கள் ஊரில் சில பெண்கள் சேர்ந்து லைசென்ஸுடன் சிறு தொழிற்கூடம் ஒன்று நடத்துகிறார்கள். அதில் அவளும் சேர்ந்தாள். ஆனால், விற்பதற்கு நமக்கு உரிமை உண்டு என்றுதான் லைசென்ஸ் சொல்லும்; நேற்று வெட்டிய இந்தக் கட்டி நல்லதா என்று அது சொல்லாது.

அந்தச் சமயத்தில்தான் கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் வந்தார். தாம்பூலப் பையில் போட 200 சிறு சோப்புகள் வேண்டும். ஒன்றுக்கு 40 ரூபாய். முகூர்த்தத்துக்கு இருபதே நாட்கள். எண்ணாயிரம் ரூபாய்! பிள்ளைக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டிய மாதம் வேறு. அலமாரியில் காய்ந்து தயாராயிருந்தவையோ அறுபது.

"அக்கா, ரஸாயன வேலையெல்லாம் ஒரு வாரத்தில் முடிந்துவிடுமாமே! ஈரம் இருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது?" என்றாள் கூட வேலை செய்யும் பெண்.

அவள் சொன்னதில் பாதி உண்மைதான். ஆனால் என் தங்கை, "காகிதத்தில் 50 கிராம் என்று அச்சிட்டிருக்கிறோம். அடுத்த மாதம் அது 45 ஆகிவிட்டால்? தவிர, இந்தத் தடவை எண்ணெய் வேறு செக்கிலிருந்து வந்திருக்கிறது. இந்தச் சோப்பு எப்படி இருக்கும் என்று எனக்கே இன்னும் தெரியாது. எனக்குத் தெரியாததைக் காசுக்கு எப்படிக் கொடுப்பது? பையை வாங்கிப் போகிறவள் அதை எந்தக் குழந்தை மேல் தேய்ப்பாளோ!" என்றாள். அறுபது தருவதாகச் சொன்னாள். அவர்கள் கடைச் சோப்பு வாங்கிக் கொண்டார்கள். கல்லூரிப் பணத்துக்காக அவளுடைய வளையல் ஒன்று பாங்கிக்குப் போயிற்று. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

காந்தியடிகள் 1941-ல் எழுதிய நிர்மாணத் திட்டத்தில், கிராமக் கைத்தொழில்களுள் சோப்புச் செய்தலையும் சேர்த்திருக்கிறார். நல்ல காரியந்தான். ஆனால் மனிதனுடைய தோலுக்குத் தேசபக்தி கிடையாது. ஏழைப் பெண் செய்தது என்பதற்காக அது எரிச்சலைப் பொறுத்துக் கொள்வதும் இல்லை. அநுதாபத்துக்காக ஒரு தடவை வாங்குகிறவர் மறு தடவை வருவதில்லை. ஒரு கட்டி நன்றாக வந்தால் அது அதிர்ஷ்டமாக இருக்கலாம். வேண்டுமென்றே பத்துத் தடவை ஒரே மாதிரி செய்து, அவை எட்டு மாதம் கழித்தும் எப்படி இருக்கும் என்று அறிந்த பிறகுதான் விலை சொல்லும் அருகதை வருகிறது.

ஆகையால், "ஏன் விற்கக் கூடாது?" என்ற கேள்வியால் தூக்கமிழந்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு யோசனை. இனாமாகக் கொடுத்த இடத்தில் போய், "எப்படி இருந்தது?" என்று விசாரிக்காதீர்கள், பதில் நமக்கு முன்பே தெரியும். இரண்டு மாதம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போகும்போது, கை அலம்புகிற சாக்கில் உள்ளே சென்று சோப்புப் பெட்டியைப் பாருங்கள். உங்கள் சோப்பு தேய்ந்து மெலிந்து முடியும் தறுவாயில் இருந்தால் சந்தோஷப்படலாம். அலமாரியில் காகிதம் பிரிக்காமல், "என்ன வாசனை!" என்ற புகழுரையுடன் அது பத்திரமாக வீற்றிருக்குமானால், இன்னும் சில காலம் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொண்டிருப்பதே உத்தமம்.