மாத்திரையும் துப்பாக்கியும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் காலை, வாசலில் போட்ட கோலம் கூடக் காயவில்லை, ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார். மரியாதையான பையன். என்னிடம் படித்தவர்களின் வயதுதான் இருக்கும். பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒருவரின் பெயரைச் சொல்லி, "துப்பாக்கி லைசென்ஸ் கேட்டிருக்காரும்மா. உங்களுக்குத் தெரிஞ்சவர்னு சொன்னாங்க. குடிப்பாரா?" என்றார்.

"மாட்டார்."

"யார்கிட்டயாவது சண்டை, தகராறு?"

"அதுவும் இல்லை."

"மனசு கினசு சரியில்லாம டிரீட்மெண்ட் ஏதாவது?"

நாக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது. "அதெல்லாம் டாக்டர்கிட்ட இல்ல கேக்கணும் தம்பி?" என்றேன். அவர் சிரித்துவிட்டு, நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு போய்விட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

யார் அவர், எந்தத் தெரு என்று செம்பாக்கத்துக்காரர்கள் யாரும் போன் போட்டுக் கேட்காதீர்கள். எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "பேர் போடாம எழுதுங்க டீச்சர்" என்றார். போடவில்லை.

ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மகள் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள், இப்போது கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். முந்தின வருஷம் அவர் மனைவி தவறிவிட்டார். என்னை அக்கா அக்கா என்று கூப்பிடும் பெண். அதன் பிறகு மனிதர் ஏரிக்கரை நடையை நிறுத்தினார், சமையலை நிறுத்தினார், பேச்சையும் நிறுத்தினார். மகள் வந்து மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள். மாத்திரை ஆரம்பித்தார்கள். ஊருக்குக் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா மாத்திரை சாப்பிடுறாரான்னு கொஞ்சம் பாத்துக்கோங்க டீச்சர்" என்றாள். எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

கொஞ்சம் தேறிய பிறகு வேலைக்குப் போக ஆசைப்பட்டார். சும்மா வாட்ச்மேன் வேலைக்கு ஒரு சம்பளம். சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் இருந்தால் வங்கியிலோ, ஏடிஎம்முக்குப் பணம் கொண்டுபோகும் வேனிலோ அதைவிடக் கூடுதல் சம்பளம். அதனால் விண்ணப்பம் போட்டிருக்கிறார். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள்படி, உடல்நலம் மனநலம் இரண்டுக்கும் மருத்துவர் சான்றிதழ் வைக்க வேண்டும். போதைப் பழக்கம் இல்லை என்றும் அதில் குறிப்பிட்டிருக்க வேண்டும். இவர் தனக்கு மாத்திரை கொடுக்கும் டாக்டரிடம் போகவே இல்லை. தன்னைப் பார்த்தே இராத வேறு ஒரு டாக்டரிடம் போய், இரண்டு நிமிஷத்தில் கையெழுத்து வாங்கி வந்துவிட்டார். அதைவிட மோசம், சீட்டில் எதுவும் ஏறக்கூடாது என்று மாத்திரையையும் நிறுத்திவிட்டார். மருந்துக் கடைக்காரர் போலீஸிடம் சொல்லிவிடுவாரோ என்று பயமாம்.

இதைக் கேட்டதும் முதலில் கோபம் வந்தது. பிறகு என் கதையே ஞாபகம் வந்தது.

தொண்ணூறுகளில் எனக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவ விடுப்புக்குச் சான்றிதழ் கொடுத்தேன். இன்ன நோய், இன்ன ஆபரேஷன் என்று டாக்டர் விவரமாக எழுதியிருந்தார். அது அலுவலக மேசையில் திறந்தே கிடந்தது. நான் திரும்பி வருவதற்குள் ஆசிரியர் அறை முழுக்கச் செய்தி. ஒரு ஆண் ஆசிரியர் என்னிடமே வந்து, "எல்லாத்தையும் எடுத்துட்டாங்களா டீச்சர்?" என்றார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். எனக்கு அந்த இடத்திலேயே மறைந்துபோகலாம் போலிருந்தது. அடுத்த தடவை உடம்பு முடியாதபோது நான் மருத்துவ விடுப்பே எடுக்கவில்லை. காய்ச்சலோடு போய் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். இவர் மாத்திரையை நிறுத்தியதும் அதே கணக்குதான். என்ன, என் காய்ச்சலால் யார் உயிருக்கும் ஆபத்தில்லை. இவர் கேட்பது துப்பாக்கி.

நான் சட்டம் படித்தவள் இல்லை, ஆசிரியர் பயிற்சி முடித்தவள். ஆனாலும் பேரன் உதவியோடு உட்கார்ந்து படித்தேன். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 'சித்த சுவாதீனம் இல்லாதவருக்கு' உரிமம் கிடையாது என்கிறது. நம் நண்பர் பயந்தது இந்த வார்த்தைக்குத்தான். ஆனால் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் தெளிவாக ஒன்று எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்பதாலேயே அவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நீதிமன்றம் அறிவித்தால்தான் அப்படி. அதே சட்டம் நோயாளியின் விவரத்தை மருத்துவர் வெளியே சொல்லக் கூடாது என்றும் சொல்கிறது. பிறர் உயிருக்கோ அவர் உயிருக்கோ ஆபத்து வரும் நிலை என்றால் விதிவிலக்கு உண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று அதே 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. முக்கியமான தகவலை மறைத்து வாங்கிய லைசென்ஸை ரத்து செய்யலாம் என்று ஆயுதச் சட்டத்திலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் 2021ல் பிளிமத் நகரத்தில், லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கியால் ஒருவன் ஐந்து பேரைக் கொன்றுவிட்டுத் தானும் செத்தான். அதற்குப் பிறகு அங்கே மருத்துவரிடமிருந்து தகவல் வந்து, அதைப் போலீஸ் பார்த்த பிறகே லைசென்ஸ். சரியான ஏற்பாடுதான் என்று எனக்குப் படுகிறது. விவரம் தெரிந்த டாக்டர் பதில் சொல்கிறார். நம் ஊரில் முன்பின் பார்க்காத டாக்டர் கையெழுத்துப் போடுகிறார், மனசைப் பற்றிய கேள்வி கோலம் போடும் என்னிடம் வருகிறது! அன்றைக்கு நான் 'ஆமாம்' என்று சொல்லியிருந்தால் தெருவே பேசியிருக்கும். 'இல்லை' என்று சொல்லியிருந்தால் பொய். சொல்லாமல் விட்டதும் சரியா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். "போலீஸ்கிட்ட நான் எதுவும் சொல்லலை தம்பி. ஆனா உங்ககிட்ட சொல்றேன். மாத்திரைய நிறுத்திட்டு, தனியா இருக்கற வீட்டுக்குள்ள துப்பாக்கியக் கொண்டுவந்து வெச்சா எனக்கு ராத்திரி தூக்கம் வராது" என்றேன்.

முகம் சிவந்துவிட்டது. "பதினேழு வருஷம் கையில துப்பாக்கியோட நின்னவன் டீச்சர் நான்" என்றார்.

"அப்ப வீட்டுல அவ இருந்தா" என்றேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. எழுந்து உள்ளே போய்விட்டார். பத்து நாள் பேச்சு இல்லை.

பதினோராம் நாள் அவரே வந்தார். பழைய டாக்டரிடம் போயிருக்கிறார். டாக்டர் திட்டவில்லையாம். "லைசென்ஸுக்கு உங்க நோய் பேரை நான் எழுத மாட்டேன். துப்பாக்கி வெச்சுக்கத் தகுதியா இல்லையான்னு மட்டும்தான் எழுதுவேன். இன்னைக்குக் கேட்டா 'இல்லை'. மாத்திரைய ஒழுங்கா சாப்பிட்டு ஆறு மாசம் கழிச்சு வாங்க, அப்ப பாத்து எழுதறேன்" என்றாராம். இவரும் விண்ணப்பம் இப்போதைக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

இப்போது ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் கம்பு மட்டும் வைத்துக்கொண்டு இரவுக் காவல். சம்பளம் குறைவு என்று முணுமுணுப்பார். காலையில் வேலை முடிந்து திரும்பும்போது என் வாசலில் சைக்கிளை நிறுத்தி இரண்டு வார்த்தை பேசுவார். ஆறு மாசம் வருகிற மாதம் முடிகிறது. சான்றிதழுக்குப் போகப்போகிறாரா, டாக்டர் என்ன சொன்னார் என்று நானாகக் கேட்பதில்லை. மாத்திரை சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்பேன். அது அவர் மகளுக்கு நான் கொடுத்த வாக்கு.