கொழும்புக் கிண்ணத்துக்காக ஆடியவர்களுக்கு

1952இல் இந்தியா, பாகிஸ்தான், பர்மா நாடுகளிலிருந்து எங்கள் ஊருக்கு வந்து உதைபந்தாடிய வீரர்களுக்கும், அவர்களை எதிர்த்து ஆடிய இலங்கை அணிக்கும், அந்தச் சுற்றுப்போட்டியை நடத்திக் காட்டியவர்களுக்கும்,

கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து எழுதுகிறேன்.

அப்போது ஆசியாவுக்கென்று ஓர் உதைபந்தாட்டச் சம்மேளனம்கூடக் கிடையாது. 1954இல்தான் மணிலாவில் அது உருவானது. ஆசியக் கிண்ணம் 1956இல் வந்தது, ஆபிரிக்கக் கிண்ணம் அதற்கும் மறு வருடம். அவற்றுக்கெல்லாம் முன்னரே நான்கு நாடுகள் கூடி, எங்கள் நகரத்தின் பெயரில் ஒரு கிண்ணம் வைத்து ஆடினீர்கள்.

எங்கள் தெருக்களுக்கு அது வெறும் விளையாட்டல்ல. செட்டியார் தெரு நகரத்தார் பர்மாவின் ரங்கூனிலும் தொழில் நடத்திய சமூகம். 1942இல் ஜப்பானியர் நுழைந்தபோது சொத்தை அங்கேயே விட்டுத் திரும்பியவர்கள். மேமன், போரா வணிகர்களுக்கோ பம்பாயிலும் கராச்சியிலும் சொந்தபந்தம். இந்தியா–பாகிஸ்தான் பிரிவினை நடந்து அப்போது ஐந்து வருடம்கூட நிறையவில்லை. அந்த இரு நாட்டு அணிகளும் முதன்முதலாக எதிரெதிரே நின்றது கொழும்பில்தான். கோல் எதுவும் விழாமல் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. கிண்ணத்தையும் இருவரும் பகிர்ந்துகொண்டீர்கள். எந்தப் பக்கம் கைதட்டுவதென்று திண்டாடிய வீடுகள் இங்கே இருந்திருக்கும். அவர்கள் சார்பிலும் நன்றி.

பெரிய கிண்ணங்களும் சிறிதாகத்தான் தொடங்குகின்றன. 1957 பெப்ரவரியில் கார்ட்டூமில் ஆபிரிக்கக் கிண்ணம் தொடங்கியபோது எகிப்து, சூடான், எத்தியோப்பியா என மூன்றே அணிகள். வெள்ளையரும் கறுப்பரும் கலந்த அணியை அனுப்பத் தென்னாபிரிக்கா மறுத்ததால், அதைச் சேர்க்கவில்லை. இன்று அந்தக் கிண்ணத்துக்காக 24 அணிகள் ஆடுகின்றன. உங்கள் கிண்ணமோ 1953இல் ரங்கூன், 1954இல் கல்கத்தா, 1955இல் டாக்கா என்று சுற்றி அங்கேயே நின்றுவிட்டது. அதனால் அதன் மதிப்புக் குறைந்ததாக நான் நினைக்கவில்லை. பிரிந்துபோனவர்கள் ஒரே மைதானத்தில் இறங்க அது வழி செய்தது. அந்த நாட்களில் அது பெரிய காரியம்.

இலங்கை வீரர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி. நான்கு முறையும் கிண்ணம் நம் கைக்கு வரவில்லை. அப்படியிருந்தும் நீங்கள் விலகவில்லை. கடல் கடந்து போய் ஆடினீர்கள். 1995இல் தெற்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில், இதே கொழும்பில், நம் பிள்ளைகள் இந்தியாவை 1–0 என்று வென்றார்கள். அந்த வெற்றியில் உங்களுக்கும் பங்குண்டு.


புறக்கோட்டை உதைபந்தாட்ட ரசிகர் ஒருவர்