அழிக்கவா என்று கேட்கத் தெரியாத பொத்தான்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் ரீ ஒன்றை ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

எங்கட பாடசாலை ஆய்வுகூடத்துப் பழைய கொம்பியூட்டர்களுக்கு லினக்ஸ் போடப்போகிறோம் என்று போன கிழமை எழுதியிருந்தேன். வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. வின்டோஸ் 11 கேட்கிற டி.பி.எம். 2.0 இந்த மெஷின்களில் இல்லை. தூக்கி வீசவும் மனமில்லை. பதிவுக்குக் கீழே நாலைந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: "சேர், ஆர் இன்ஸ்டோல் பண்ணுற? நீங்களா?"

நான்தான். அதனால் இதுவரை நான் வெளியில் சொல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஆசிரியர் கலாசாலைக்குப் போவதற்கு முன், தொண்டர் ஆசிரியராக வேறொரு பாடசாலையில் இருந்தேன். அங்கே தமிழ் படிப்பித்த டீச்சர் ஒருவர், பின்னேரங்களில் வீடு வீடாகப் போய் வயதான பெண்களிடம் கவி கேட்டு எழுதி வந்து, ஆய்வுகூடத்தின் மூலை மெஷினில் பாமினி எழுத்துருவில் அடித்து வைப்பார். தாலாட்டு, வயல் கவி, மாப்பிள்ளையைக் கேலி பண்ணுகிற கவி. அந்த மெஷினுக்குத்தான் நான் ஒரு லினக்ஸைப் போட்டேன். எது என்ற பெயர் வேண்டாம், பிழை என்னுடையது. திரையில் வந்ததை வாசித்தேன், விளங்கிய மாதிரி இருந்தது, அடுத்தது, அடுத்தது என்று தட்டினேன். பத்து நிமிடத்தில் அழகான நீலத் திரை வந்தது. ஹார்ட் டிஸ்க் முழுக்கப் புதிசு.

அடுத்த நாள் டீச்சரிடம் சொன்னேன். அவ ஏசவில்லை. "அந்த வயல் கவி படிச்ச மூத்தம்மா மௌத்தாகி ரெண்டு வருசம் மனே" என்று மட்டும் சொன்னா. ஏசியிருந்தால் நல்லது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு இந்த இன்ஸ்டோலர்களை யார் செய்கிறார்கள், எப்படி யோசித்துச் செய்கிறார்கள் என்று தேடி வாசிக்கிற பழக்கம் வந்தது. பெடோரா லினக்ஸின் இன்ஸ்டோலருக்கு அனகொண்டா என்று பெயர். (அந்தப் பாம்பின் பெயரே எங்கட நாட்டிலிருந்து போனது என்பார்கள். சிங்கள 'ஹெனகந்தயா' என்று சிலர், தமிழின் 'ஆனை கொன்றான்' என்று சிலர்.) அதை ஒருமுறை அடியோடு மாற்றி, பெடோரா 18உடன் வெளியிட்டார்கள். 2012 நவம்பரில் வர வேண்டிய பெடோரா 18, கடைசியில் 2013 ஜனவரி 15இல்தான் வந்தது. தாமதத்துக்கு இந்த மாற்றமும் ஒரு காரணம்.

யோசனை கெட்டதல்ல. அதுவரை ஒன்றன்பின் ஒன்றாக வந்த பக்கங்களை எடுத்துவிட்டு, நடுவில் ஒரு பக்கம் வைத்தார்கள். மொழி, நேரம், டிஸ்க் என்று அதிலிருந்து கிளைகள். தேவையான கிளைக்குள் மட்டும் போய் வரலாம். மென்பொருள் ஏறிக்கொண்டிருக்கும்போதே கடவுச்சொல்லையும் கொடுத்துவிடலாம், நேரம் மிச்சம். ஆனால் டிஸ்க் பிரிக்கிற பக்கத்தில் ஆட்கள் தடுமாறினார்கள். 'முடிந்தது' என்ற பொத்தான் திரையின் இடது பக்க மேல் மூலையில் இருந்தது. எல்லாரும் கீழே வலது பக்கம் தேடினார்கள். வருசக் கணக்காக இதைப் பற்றி முறைப்பாடு.

இதை வாசிக்கும்போது எனக்குக் கலாசாலையில் பாடத்திட்டம் எழுதப் பழக்கிய விரிவுரையாளர்தான் ஞாபகம் வந்தார். நான் எழுதியதைப் பார்த்துவிட்டு, "பாடம் நல்லம். பிள்ளை எங்க?" என்று கேட்பார். பாடம் தெரிந்தவனுக்கு நடுப்பக்கமும் கிளைகளும் வசதி. முதல் தரம் வருகிறவனுக்கு, எந்தக் கிளையில் ஆபத்து இருக்கிறது என்பதே தெரியாது.

2022இல் அந்தக் குழு மறுபடியும் புதிதாக வடிவமைக்கப்போவதாக அறிவித்தது. இந்த முறை இணையப் பக்கம் செய்கிற தொழில்நுட்பத்தில், மீண்டும் ஒவ்வொரு படியாக. அவசரப்படவில்லை, தள்ளித் தள்ளி 2025 ஏப்ரலில் பெடோரா 42இன் வேக்ஸ்டேஷன் பதிப்பில்தான் வந்தது. பழைய பெடோராவின் இடத்தில் மறுபடி போடுவதா, மற்றதோடு பக்கத்தில் வைப்பதா, முழு டிஸ்க்கையும் எடுப்பதா என்று முதலிலேயே மனிதப் பேச்சில் கேட்கிறது. முழுவதையும் எடுப்பதென்றால் கடைசிப் பொத்தானில் 'தொடங்கு' என்று இல்லை, 'தரவை அழித்து நிறுவு' என்றே இருக்கிறது. அந்த 'அழித்து' என்ற ஒரு சொல்லுக்காக நான் எத்தனை வருசம் காத்திருந்தேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

சரி, எங்கட விசயத்துக்கு வருவோம். இன்ஸ்டோலரை எங்களால் மாற்ற முடியாது. பிள்ளைகளுக்கு விளங்குகிற மாதிரி ஒரு தாளை அதற்குப் பக்கத்தில் வைக்கலாம். தரம் 10 பிள்ளைகள் மூன்று பேரை ஒவ்வொருவராக உட்கார வைத்து, பழுதான டிஸ்க் ஒன்றில் போடச் சொன்னேன். நான் வாயைத் திறக்கவில்லை (கஷ்டமான வேலை, ஆசிரியர்களுக்குத் தெரியும்). மூன்று பேருமே 'பார்ட்டிஷன்' என்ற சொல்லில் நின்றார்கள். ஒரு மகள் மட்டும் திரும்பி, "சேர், இதுல ஆருட சாமான் இருக்கு?" என்று கேட்டா. அந்தக் கேள்வியைத்தான் தாளின் முதல் வரியாக எழுதியிருக்கிறேன். அதற்குப் பதில் எழுதி, பார்த்தவர் ஒப்பம் வைக்காமல் யாரும் இரண்டாம் வரிக்குப் போகக் கூடாது.

வருகிற சனிக்கிழமை காலை 9 மணிக்குத் தொடங்குகிறோம், இன்ஷா அல்லாஹ். முதல் நாள் முழுக்க கொப்பி எடுக்கிற வேலை மட்டும்தான், இன்ஸ்டோல் ஒன்றும் இல்லை. அவசரப்படுத்த வேண்டாம். டீச்சரையும் கூப்பிட்டிருக்கிறேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டா. ஞாபகத்தில் இருந்த பதினொரு கவியைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாவாம். பிள்ளைகள் யுனிகோடில் அடிப்பார்கள்.

பென் ட்ரைவ் கொண்டுவருகிறவர்கள் பெயரை ஒட்டிக்கொண்டு வாருங்கள். போன முறை விட்டுப்போன இரண்டு இன்னும் என்ட மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.